டீசல் கெப் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: சாவியைத் திருப்பும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பல ஏற்பட்டன. தோட்டக் குடும்பங்கள் பல லயங்களை விட்டுப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்க வேண்டியதாயிற்று. கெப் வண்டியோ பட்டா லொறியோ வைத்திருந்தவர்கள் அதை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொண்டார்கள். அதுதான் சரியான முடிவு.

இப்போது வீடு திரும்பும்போது அந்த வண்டி மீண்டும் தேவைப்படுகிறது. கூரைத் தகரம் ஏற்ற, மரக்கறி கொண்டுபோக, கூலிக்கு ஓட, இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல ஒரு டிவிசனுக்கே சில சமயம் ஒரு வண்டிதான் இருக்கும். வாரக்கணக்கில் மழையிலும் சேற்றிலும் நின்ற டீசல் வண்டி முதல் திருப்பிலேயே இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பெரும்பாலான குறைகள் சிறியவை. வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியவை. பொறுமையில்லாமல் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவதால்தான் சிறிய குறை பெரிய செலவாகிறது.

இந்தப் பகுதியில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கிறோம். தண்ணீர் புகுந்ததா? எஞ்சின் சுழல்கிறதா? டீசல் போய்ச் சேர்ந்து எரிகிறதா? வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

வண்டிக்கு மேலே வெட்டிய மண்மேடு இருக்கிறதா? நிலத்தில் புதிய வெடிப்புகள் தெரிகின்றனவா? முன்பு இல்லாத இடத்திலிருந்து சேற்று நீர் கசிகிறதா? மரங்களோ மின்கம்பங்களோ சாய்ந்திருக்கின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே நின்று வேலை செய்ய வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லுங்கள். வண்டி மேல் மின்கம்பி கிடந்தால் யாரையும் அருகில் விடாதீர்கள்.

இடம் பாதுகாப்பானது என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டயர்களுக்குக் கல் கொடுங்கள். மலைப் பாதையில் நிற்கும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் மட்டும் போதாது.

முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் எதையும் கழுவும் முன், கழற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் சொந்த வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தை ஈடுசெய்யாது.

கேள்வி ஒன்று: தண்ணீர் புகுந்ததா?

கதவிலும் பொனட்டிலும் சேறு எந்த உயரம் வரை படிந்திருக்கிறது என்று பாருங்கள். வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. சேற்றுக்கோடு டயரின் நடுப்பகுதிக்கு மேல் போயிருந்தால் சாவியைத் தொட வேண்டாம். பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, எஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பி. அதை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை; டீசல் எஞ்சின் ஒயில் அப்படித்தான் இருக்கும். பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ, அளவு முன்பைவிடக் கூடியிருந்தாலோ ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

இரண்டாவது, எயார் பில்டர் பெட்டி. கிளிப்புகளைத் திறந்து பாருங்கள். பில்டர் நனைந்திருந்தாலோ பெட்டிக்குள் சேறு இருந்தாலோ எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம்.

இது ஏன் முக்கியம்? டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருங்கிய காற்று கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். பில்டரோடும் ஒயில் மாற்றத்தோடும் முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

எனவே ஒயிலிலோ பில்டர் பெட்டியிலோ தண்ணீர் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மெக்கானிக் ஹீட்டர் பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றி, உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றி, ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகுதான் இயக்க வேண்டும். கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் உள்ள ஒயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி இரண்டு: எஞ்சின் சுழல்கிறதா?

தண்ணீர் புகவில்லை என்று உறுதியான பிறகு பொனட்டுக்குள் ஒரு முறை பாருங்கள். ஆளில்லாமல் நின்ற வண்டிக்குள் எலி கூடு கட்டும், வயர்களைக் கடிக்கும். எயார் பில்டர் பெட்டிக்குள்ளும் பஞ்சு, இலை சேர்த்து வைக்கும். சைலன்சர் குழாயின் வாயைச் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது முன் விளக்கைப் போட்டு, ஒருவரை வண்டிக்கு முன் பக்கமாக, வண்டி நகர்ந்தாலும் படாத தூரத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்புங்கள். வண்டி என்ன சத்தம் போடுகிறது, விளக்கு என்ன செய்கிறது என்பதே விடை.

*சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை.* பெட்டரி முழுதாக இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் தொடவில்லை, அல்லது பிரதான பியூஸ் போயிருக்கலாம்.

*டிக் டிக் என்று வேகமாகத் தட்டுகிறது, விளக்கு மங்குகிறது.* பெட்டரியில் சக்தி போதவில்லை, அல்லது டெர்மினலில் பூசணம் போலப் படிந்திருக்கிறது.

*ஒரே ஒரு ‘டக்’ சத்தம், விளக்கு மங்கவில்லை.* பெட்டரி நல்லது. ஸ்டார்ட்டர் மோட்டரிலோ அதற்குப் போகும் வயரிலோ குறை.

*மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழல்கிறது.* பெட்டரி பலவீனம், அல்லது பெட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் உடற்பகுதிக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது.

நீண்ட நாள் நின்ற வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்டரிதான். மல்ட்டி மீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் டீசல் எஞ்சினைச் சுழற்ற அதனால் முடியாது. டெர்மினல்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றி, சுடுநீரில் அப்பச்சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பல வண்டிகளுக்கு இது ஒன்றே போதும்.

வேறு வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதானால் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்:

1. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.
2. சிவப்பு வயரை இறங்கிய பெட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பெட்டரியின் பிளஸில் மாட்டுங்கள்.
3. கறுப்பு வயரை நல்ல பெட்டரியின் மைனஸில் மாட்டுங்கள்.
4. கறுப்பு வயரின் மறுமுனையை இறங்கிய பெட்டரியில் மாட்ட வேண்டாம். பெட்டரிக்குத் தள்ளி, எஞ்சினின் சுத்தமான இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பெட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறியில் வெடிக்கக் கூடியது.
5. நல்ல வண்டியை இயக்கி ஐந்து பத்து நிமிடம் விட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள்.

த்ரீவீலர், மோட்டார் சைக்கிள் பெட்டரிகள் டீசல் எஞ்சினைச் சுழற்றப் போதாது. பெரிய லொறிகள் பல 24 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றிலிருந்து 12 வோல்ட் வண்டிக்கு ஒருபோதும் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

ஒரு முறை 10 முதல் 15 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். இடையில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். இல்லாவிட்டால் பெட்டரி இறங்குவதோடு ஸ்டார்ட்டர் மோட்டரும் எரிந்துபோகும்.

கேள்வி மூன்று: டீசல் போய்ச் சேர்ந்து எரிகிறதா?

எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் சைலன்சர் குழாயைப் பாருங்கள்.

புகையே வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை.

முதலில் டேங்கைப் பாருங்கள். வண்டி சாய்வில் நின்றால் கொஞ்சமாக உள்ள டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமல் போகும். ஐந்து லீற்றர் ஊற்றினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் மழையில் மூடியில்லாமல் கிடந்த கலனிலிருந்து ஊற்ற வேண்டாம். டீசல் தண்ணீரைவிட இலேசானது. அதனால் தண்ணீர் அடியில் தங்கும். கலனை ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலே உள்ளதை மட்டும் மெதுவாக எடுத்து, அடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். துணியில் வடிப்பதால் மண் போகும், தண்ணீர் முழுதாகப் போகாது. பெற்றோலையோ மண்ணெண்ணெயையோ கலக்க வேண்டாம்.

அடுத்தது டீசல் பில்டர். பல வண்டிகளில் அதன் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதன் கீழே கண்ணாடிப் போத்தலைப் பிடித்துத் திருகைத் தளர்த்துங்கள். வருவதை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியிலும் டீசல் மேலும் பிரிந்து நிற்கும். தண்ணீர் இருந்தால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். வடித்த டீசலைக் கானில் ஊற்ற வேண்டாம். அந்தக் கான் கீழ்த் தோட்டத்தின் குடிநீரில் போய்ச் சேரலாம்.

தண்ணீரை வடித்த பிறகோ, டீசல் முற்றாகத் தீர்ந்த பிறகோ குழாய்க்குள் காற்று நிற்கும். காற்று நின்றால் டீசல் போகாது. பழைய வகை பம்ப் உள்ள வண்டிகளில் பில்டரின் மேல் கையால் அமுக்கும் பம்ப் இருக்கும். அதன் அருகில் உள்ள காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை அமுக்குங்கள். பிறகு திருகை இறுக்கி, பம்ப் கையில் கடினமாகும்வரை மீண்டும் அமுக்குங்கள்.

இன்னும் வரவில்லை என்றால், சாவியைப் போடும்போது டீசல் பம்ப் பக்கத்தில் ‘கிளிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பழைய வகை பம்ப்களில் டீசலைத் திறந்துவிடும் மின் வால்வு அங்கே இருக்கிறது. சத்தம் இல்லை என்றால் அதன் வயரையும் பியூஸையும் பாருங்கள். எலி கடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

புதிய வகை கொமன் ரெயில் எஞ்சின் என்றால் இதற்கு மேல் கை வைக்க வேண்டாம். அதன் இரும்புக் குழாய்களில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். டயரில் உள்ள காற்றைவிடச் சில நூறு மடங்கு. அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரிந்தாலும் கையையே இழக்க நேரிடலாம். அப்படி ஏதும் நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போனது என்று சொல்லுங்கள்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. சிலிண்டருக்குள் சூடு போதவில்லை. மலைநாட்டில் இது அடிக்கடி நடப்பது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். நெருக்குவதற்குக் கிடைக்கும் காற்று குறைவு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்லில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும் சேர்கிறது. கொழும்பில் ஒரே திருப்பில் இயங்கும் வண்டி நானுஓயாவில் விடியற்காலையில் மறுப்பதற்குக் காரணம் இதுவே.

இதற்காகத்தான் ஹீட்டர் பிளக் இருக்கிறது. சாவியை முதல் நிலையில் போட்டால் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை காத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர் அதிகமான காலையில் சாவியை நிறுத்தி மீண்டும் போட்டு, இரண்டு மூன்று முறை சூடேற்றிய பிறகு ஸ்டார்ட் செய்வது நல்லது. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கின் பியூஸ், ரிலே, பிளக்குகள் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று பழுதானால் எஞ்சின் நடுங்கி நடுங்கிப் பிடிக்கும். இரண்டு மூன்று பழுதானால் குளிரில் பிடிக்கவே பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு பிடிக்கும். இந்த அறிகுறியை மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் நேரே அங்கே போவார்.

செய்யக் கூடாதவை

எஞ்சின் காற்றிழுக்கும் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ பெற்றோலோ அடிக்க வேண்டாம். பழுத்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் பட்டு அது உள்ளேயே வெடிக்கும். எஞ்சினின் கீழே தீப்பந்தம் பிடித்துச் சூடேற்றுவது வண்டியையும் பக்கத்து லயத்தையும் சேர்த்து எரிக்கக் கூடியது.

மேட்டிலிருந்து உருட்டி ஸ்டார்ட் செய்வது தோட்டங்களில் வழக்கம். ஆனால் எஞ்சின் இயங்காதபோது பிரேக் மிதி கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங் பாரமாகிவிடும். வாரக்கணக்கில் சேற்றில் நின்ற பிரேக் பிடிக்குமா என்பதே தெரியாது. மழையில் அரிந்த பாதை, ஒரு பக்கம் கான், மறுபக்கம் பள்ளம். அந்த இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். ஓட்டோ கியர் வண்டிகளை இப்படி இயக்கவே முடியாது.

இயங்கிய பிறகு

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள்; புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. ஒயில் விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். சமதரையில் மெதுவாக நகர்த்தி, நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலோ மிதி ஆழமாகப் போனாலோ சாமான் ஏற்ற வேண்டாம், ஆள் ஏற்ற வேண்டாம். ரம்பொடை இறக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது. பெட்டரி மீண்டும் நிறைய, ஒரு மணித்தியாலமாவது ஓட வேண்டும்.

கராஜுக்குக் கொண்டுபோக நேர்ந்தால் மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் கண்ட விடையைச் சொல்லுங்கள்: சேறு எவ்வளவு உயரம், எந்தச் சத்தம், எந்தப் புகை. வேலையைத் தொடங்கும் முன் செலவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். விடை தெரிந்து போகிறவரிடம் தேவையில்லாத பாகங்களை மாற்றுவது கடினம்.

அடுத்த மழைக்கு முன்

வண்டியை வெட்டிய மண்மேட்டின் கீழே நிறுத்தாமல், வெளியேறும் பாதையைப் பார்த்தவாறு நிறுத்துங்கள். டேங்கில் பாதிக்குக் குறையாமல் டீசல் வைத்திருங்கள். ஓடாத நாட்களிலும் வாரம் ஒரு முறை இயக்கி வையுங்கள். கரண்ட் எடுக்கும் வயர் ஒரு சோடி லயத்தில் யாரிடமாவது இருக்கட்டும்.

மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். வண்டியை இயக்கிப் பார்ப்பதற்கான நேரம் மஞ்சள். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிப் போவதற்கான நேரம் செம்மஞ்சள். சிவப்பு வந்த பிறகு ஒரு முறை சாவியைத் திருப்பிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பொனட்டைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து வெளியேறுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. இரண்டையும் வண்டியின் முன் கண்ணாடிக்கு உட்புறமும், வீட்டுக் கதவின் பின்புறமும் எழுதி ஒட்டி வையுங்கள்.